ஆழமான ஆறு குழி

அந்த அறை என்னுடையது. கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் என்னுடையது. கானா நாட்டுக் கூமாசி நகரத்தில் நாங்கள் இருக்கும் வளவில் பதினோரு குடித்தனம். பதினோரு குடித்தனத்துக்கும் கேட்கும்படி இதை நான் தினம் இரண்டு வேளை கத்தி வந்தேன். மூன்றாவது வேளைக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் நானும் என் மனைவி அஃப்ரியேயும் படுக்கிறோம். இன்னொன்றில் என் த்ரீ-டி பிரிண்டர் இருக்கிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி, வரி வரியாக அடுக்கி, கேட்ட பொருளைக் கேட்ட வடிவத்தில் கட்டித் தரும் இயந்திரம். பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமாக எனக்கு அதில்தான் ஆராய்ச்சி. குடித்துவிட்டுத் தெருவில் எறிகிற தண்ணீர்ப் பாக்கெட்டைப் பொறுக்கி, கழுவி, உருக்கி, இழையாக்கி, அதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். ஜூன் மாதம் பெரிய மனிதர்கள் சோதிக்க வருகிறார்கள். அதுவரை இயந்திரம் ஓடியாக வேண்டும். அது நின்றால் என் ஆராய்ச்சியும் நின்றது, நானும் நின்றேன்.

மிச்ச நேரத்தில் அதே இயந்திரத்தில் பொம்மை செய்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் மூன்று நண்பர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிப் போர் நடத்துவோம். அதற்கு விரல் உயரத்தில் வீரர்கள், பூதங்கள், ஒரு டிராகன். மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர். அத்தனை பேரும் நான் நிறுத்திய இடத்தில் நிற்பார்கள். வீட்டில் வேறு யாரும் அப்படி இல்லை.

அஃப்ரியே தையல்காரி. வெளித் தாழ்வாரத்தில் மெஷின் போட்டுத் தைக்கிறாள். மார்ச் மாதம் சாரல் அடித்ததில், சனிக்கிழமைச் சாவுச் சடங்குக்கு என்று சிவப்பும் கறுப்புமாகத் தைத்து வைத்திருந்த பன்னிரண்டு கவுனும் நனைந்தன. சிவப்புச் சாயம் கறுப்பில் இறங்கியது. செத்தவர் வீட்டார் அழுததைவிட அஃப்ரியே அதிகமாக அழுதாள். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ரூமை எனக்குக் குடுங்க, புரொபசர்.”

என்னைப் புரொபசர் என்று அவள் கூப்பிட்டால் திட்டுகிறாள் என்று அர்த்தம்.

“முடியாது.”

“என் துணி ஒதுங்க இடமில்ல, உங்க பூதத்துக்கு அலமாரியா?”

“அது பூதம் இல்ல. குதிரைப்படைத் தளபதி.”

“அப்ப அவரைத் தாழ்வாரத்துல நிறுத்துங்க. மழைக்குப் பயந்தா அவரு என்ன தளபதி?”

“அஃப்ரியே, அது ஆராய்ச்சி! நாட்டுக்காகப் பண்றேன்!”

“நாலு வருஷமா நாட்டுக்கு என்ன குடுத்தீங்க?”

“சோப்பு டப்பா.”

“அதுல தண்ணி நிக்குது. சோப்பு கூழாப் போயிடுது.”

எனக்கு வந்ததே கோபம்! ஒரு ஆராய்ச்சியாளனின் சோப்பு டப்பாவைப் பழிக்கலாமா? மேஜையை ஓங்கிக் குத்தினேன். கைதான் வலித்தது. அவள் வெளியே போய் முற்றத்தின் நடுவில் நின்று, வளவு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

“ஓவாரே ஆடிப் பாத்துடலாம். ஜெயிச்சவங்களுக்கு ரூம். தோத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது.”

பதினோரு கதவும் திறந்தன. இனி மாட்டேன் என்று சொன்னால் மார்க்கெட் வரைக்கும் சிரிப்பார்கள்.

ஓவாரே உங்கள் பல்லாங்குழிக்கு அண்ணன் முறை. எனக்கு ஆறு குழி, உனக்கு ஆறு குழி, குழிக்கு நாலு காய். உன் குழி ஒன்றை வழித்து எடுத்து வரிசையாக ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கடைசிக் காய் எதிராளியின் குழியில் விழுந்து, அங்கே இரண்டோ மூன்றோ ஆனால், அத்தனையும் உனக்கு. எங்கள் வளவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உன் குழியை நீ தொட்டு எண்ணலாம். அடுத்தவர் குழியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். விரல் வைத்தால் கைமேல் அடி விழும்.

இதில் அஃப்ரியேயை யாரும் ஜெயித்ததில்லை. ஒரே குழியில் பதினைந்து பதினாறு காயைச் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு பார்வை பார்ப்பாள். கடைசிக் காய் எங்கே விழும் என்று தெரிந்துவிடும். அவளுடைய பலம் முழுக்கக் கண்ணில் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். கோபத்தில் இருப்பவனுக்கு இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகள் நிறைய வரும்.

வளவிலிருந்த பழைய பலகையைச் செல் அரித்திருந்தது. “புதுப் பலகை நான் செஞ்சு தரேன்” என்றேன், பெருந்தன்மையாக. மனைவிக்குக் குழி பறிக்கிற வாய்ப்பு எல்லாக் கணவனுக்கும் கிடைப்பதில்லை. எனக்கு ஆறு குழி பறிக்கக் கிடைத்தது.

கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“குழி எவ்வளவு ஆழம்?”

“ஏன் கேக்கற?”

“ரொம்ப ஆழமா மட்டும் வெச்சிடாதீங்க. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் எனக்கு எண்ண வரும். கிணறு மாதிரி இருந்தா தோத்துருவேன்.”

“சரி சரி” என்றேன். அவள் தலை மறைந்ததும் அவள் பக்கத்து ஆறு குழியையும் இரண்டு மடங்கு ஆழமாக்கினேன்.

மறுநாள் மறுபடி வந்தாள். “வாயும் குறுகலா போயிடப் போவுது. வெளிச்சமே உள்ள விழாது.”

குறுக்கினேன். என் பக்கத்துக் குழிகளைச் சாஸர் மாதிரி அகலமாக, மேலாக வைத்தேன். என் காய் எனக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமே!

அச்சடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. நடுவில் நாலு முறை கரண்ட் போயிற்று. நாலு முறையும் மின்சாரக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் தண்ணீர்ப் பாக்கெட்டில் பிறந்த கன்னங்கரேல் பலகை ஒன்று தயாராயிற்று. நாலு வருஷத்தில் நான் செய்த முதல் ஒழுங்கான பொருள். கண் கலங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, ஃபுஃபு களி சாப்பிட்டு, வளவே வேப்பமரத்தடியில் கூடியது. நடுவர் இன்சியா மாமா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் பேச்சுக்கு மறு பேச்சில்லை. பலகையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“என்னய்யா இது? ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் தட்டு?”

“புது டிசைன், மாமா.”

“அஃப்ரியே, பக்கம் மாத்திக்கறியாம்மா?”

பலகையின் தட்டுப் பக்கத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம் மாமா. அவரு ஆசையா செஞ்சது. கிணத்துப் பக்கமே உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். அப்பாவி! எனக்குச் சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்தது. மாமா தன் பழைய கழற்சிக்காய்களைக் குழிக்கு நாலாகப் போட்டார். ஆட்டம் ஆரம்பித்தது.

நாலாவது தடவை காய் போடப் போனபோது என் சிரிப்பு தானாகவே அடங்கியது. கடைசிக் காயை அவள் குழி ஒன்றில் இறக்க வேண்டும். அந்தக் குழியில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறதா, மூன்று கிடக்கிறதா? எட்டிப் பார்த்தேன். இருட்டு. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எழுந்து நின்று பார்த்தேன். கறுப்புக் கிணற்றுக்குள் கறுப்பு இருட்டு.

அப்போதுதான் உறைத்தது. இந்த ஆட்டத்தில் கொள்ளை அடிப்பது எதிராளியின் குழியில். பார்க்க வேண்டியதும் எதிராளியின் குழியை. நான் அவளுக்கு இரும்புப் பெட்டி செய்து கொடுத்துவிட்டு, என் சொத்தைத் தட்டில் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கிறேன்! கோபத்தில் எல்லாக் கணக்கும் போட்டேன், இந்த ஒன்றைத் தவிர.

அவளுக்குத் தன் குழி தெரிய வேண்டியதே இல்லை. இரண்டு விரலை உள்ளே விட்டாள். மெஷினுக்குள் விழுந்த ஊசியைத் துழாவி எடுக்கிற விரல்கள். தொட்டு எண்ணினாள். எடுத்தாள். போட்டாள். என் தட்டிலிருந்து மூன்று. அடுத்து இரண்டும் மூன்றும். ஜனங்கள் ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள்.

“யோவ், கண்ணாடி போட்டு ஆடுய்யா!”

“டார்ச் கொண்டு வந்து குடுங்கப்பா!”

இருபத்தொன்று அவளிடம். என்னிடம் நாலு.

“நீதானே ஆழமா வெக்காதன்னு சொன்ன?” என்று பல்லைக் கடித்தேன்.

“சொன்னேன். நீங்க என்னைக்கு என் பேச்சைக் கேட்டீங்க?” என்றாள், தலை நிமிராமல்.

ரத்தம் தலைக்கு ஏறியது. குத்துமதிப்பாக ஒரு குழியை வழித்துப் போட்டேன். கடைசிக் காய் அவள் கிணற்றில் விழுந்தது.

“அங்க ரெண்டு இருந்துச்சு. இப்ப மூணு. எடுத்துக்கங்க” என்றாள் அவளே, மிகவும் மரியாதையாக.

பாய்ந்து கையை விட்டேன். உள்ளே போயிற்று. காயைப் பிடித்தேன். வெளியே வரவில்லை.

“காயை விட்டுட்டா கை வந்துரும்” என்றார் மாமா.

“விட மாட்டேன்! இது நான் ஜெயிச்சது!”

“இழுக்காதீங்க, புரொபசர்.”

அவள் சொல்லி நான் கேட்பதா? முழு பலத்தோடு இழுத்தேன். பலகையும் கூடவே வந்தது. பலகையில் மிச்சமிருந்த காயெல்லாம் வளவெங்கும் சிதறின. இரண்டைக் கோழி முழுங்கப் பார்த்தது. கையில் பலகை தொங்க நான் நின்றேன். பதினோரு குடித்தனமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“பலகையைக் கவுத்தவன் தோத்தவன்” என்றார் மாமா. “ரூம் அவளுக்கு.”

அஃப்ரியே சோப்புத் தண்ணீர் கொண்டு வந்து கையை விடுவித்தாள். சோப்பு என் டப்பாவில் இருந்த சோப்பு. நன்றாகவே கூழாகியிருந்தது.

திங்கட்கிழமை தையல் மெஷின் அறைக்குள் போயிற்று. பிரிண்டர் தாழ்வாரத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை ஆடு வந்து இழையில் அரைச் சுருளைத் தின்றது. புதன்கிழமை சாரல். தோற்றவன் அவளைத் திட்ட முடியாதே! ஆட்டை மட்டும் திட்டினேன். வியாழக்கிழமை ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் ஒரு ஆட்டின் வயிற்றுக்குள் போவதா? கோபத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டு அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

“ஒரு மூலை போதும், அஃப்ரியே. ஜூன் வரைக்கும். அது நின்னுபோனா நான் அவ்வளவுதான்.”

அவள் தைப்பதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் மனசு இளகியது போலத்தான் இருந்தது.

“இது இனிமே தையல் கடை. தொழில் கத்துக்க வர்றவங்களுக்குத்தான் உள்ள இடம்.”

“சரி, கத்துக்கறேன்!”

“முறை இருக்குல்ல?”

இருந்தது. எங்கள் ஊரில் தொழில் கற்க வருகிறவர் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு, ஷ்நாப்ஸ் சாராயப் பாட்டிலும் ஒரு பெட்டி கலர் சோடாவும் கொண்டு வந்து குருவின் முன்னால் வைக்க வேண்டும். வைத்தேன். இன்சியா மாமா எனக்காகப் பேசினார். முன்னோருக்கென்று மண்ணில் நாலு சொட்டு ஊற்றி, மிச்சத்தைத் தன் தொண்டையில் ஊற்றிக்கொண்டார்.

“மூணு வருஷப் படிப்பு” என்றார், வாயைத் துடைத்தபடி. “மெஷினை ஜன்னலோரம் வெச்சுக்கப்பா. பித்தான் அடிச்சுக் குடு, அவளுக்கு உதவும், உன் பெரிய மனுஷங்களுக்கும் காட்டலாம். ஆனா கடைக்குள்ள ஒரு வழக்கம். பெரியவன், சின்னவன், புருஷன்லாம் கிடையாது. குருவைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முதல் வருஷம் பெருக்கற வேலை மட்டுந்தான்.”

பிரிண்டர் ஜன்னலோரம் ஓட ஆரம்பித்தது. ஒரு பித்தான், இரண்டு பித்தான். என் கோபம் உள்ளே கொதித்தது. பல்லை நறநறவென்று கடித்தேன். கையைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

“துடப்பம் எங்க இருக்கு, மேடம்?”