மீன்கடை ஐஸில் ஒரு வெள்ளோட்டம்

கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கத்து ஸ்கீ மட்டும் திரும்பியது. இடப்பக்கத்து ஸ்கீ, இந்த விவகாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல், நேரே குப்பைத்தொட்டிகளைப் பார்த்தபடி நின்றது.

"இன்னொருக்கால் திருப்பு பாப்பம்," என்றார் இராஜேந்திரன். அவர் வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்திருந்தார்.

அவருடைய மனைவியின் தம்பி சிவமணி திருப்பினான். உள்ளே ஏதோ 'டக்' என்றது. ஓர் இரும்புத் துண்டு கழன்று இராஜேந்திரனின் நெற்றியில் விழுந்தது.

"அத்தான், இப்ப ரெண்டும் ஒரே மாதிரி," என்றான் சிவமணி. "ரெண்டுமே திரும்பேல்லை."

முதலாம் மாடி ஜன்னல் திறந்தது. அற்புதமலர் அக்கா தலையை நீட்டினார். "தம்பி, இது வீட்டு முத்தமோ, கராஜோ?"

"முடிஞ்சுது அக்கா, முடிஞ்சுது."

முடியவில்லை. அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது.

அது பனியில் ஓடுகிற வண்டி. முன்னால் சில்லுக்குப் பதிலாகப் பனியில் வழுக்கும் இரண்டு ஸ்கீ பலகைகள், பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார்சைக்கிளில் உள்ளதுபோல் ஓர் இருக்கை. பரிஸின் லா சப்பலில் பனி பெய்தால் நடைபாதைக்கு வந்து சேருவதற்குள் தண்ணீராகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில், ரூ பஜோல் என்ற தெருவில் உள்ள ஒரு கட்டடத்தின் முற்றத்தில், இந்த வண்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு வல்லிபுரம் முதலாளியிடம் போக வேண்டும்.

ஃபொபூர் சேன்-தெனி தெருவில் வல்லிபுரத்துக்கு ஓர் உணவகம் உண்டு. இராஜேந்திரன் அங்கே கொத்துரொட்டி அடிப்பவர். போன வருடம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கும் கொத்துரொட்டி கொடுத்துப் பார்த்தால் என்ன என்று, அங்கே ஒரு பழைய விடுதியைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். தெருவிலிருந்து விடுதிக்கு மாவு மூட்டை ஏற்ற இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. வண்டியோ முன்பக்கமெல்லாம் தேய்ந்து, குடித்தவன் நடையாக ஓடிக்கொண்டிருந்தது.

"மேலை நிண்டு கோப்பை கழுவி, வண்டியையும் பாக்க ஒரு ஆள் வேணும்," என்றார் முதலாளி ஒருநாள் குசினிக்குள் வந்து. "இருக்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கை. மெக்கானிக் வேலை தெரிஞ்ச ஆரும்..."

"என்ரை மச்சான் சிவமணி இருக்கிறான் அண்ணை! பிறவி மெக்கானிக். கிளிநொச்சியிலை உழவு மெசின் எல்லாம் அவன்தான் பாத்தது."

சிவமணி கிளிநொச்சியில் பார்த்தது கைபேசிக் கடை. அதிலும் கதிரையில் இருந்து காசு வாங்கிப் போடுகிற வேலை. ஆனால் நம்மவர்கள் உறவுக்காரனை வேலைக்குச் சேர்க்கிறபோது அப்படித்தான். எந்த வேலை காலியாக இருக்கிறதோ அந்த வேலையில் மச்சான் கெட்டிக்காரன்.

வல்லிபுரம் இந்த மாதிரி மச்சான்மாரை நிறையப் பார்த்தவர். "அப்ப வண்டியை உம்மடை முத்தத்திலை இறக்கிவிடுறன். திருத்திக் காட்டட்டும். நேரை ஓடினால் வேலை அவனுக்கு," என்று சொல்லிவிட்டார்.

இராஜேந்திரன் ஏன் இப்படி முந்திக்கொண்டார் என்றால், அது அவருடைய சோபாவின் விஷயம். ஒரு கிழமை தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த சிவமணி, பிள்ளையார் கோயிலின் இரண்டாவது வருடத் தேரையும் பார்த்துவிட்டான். அவன் படுப்பது சோபாவில். எழும்பினால் இருப்பதும் சோபாவில். இராஜேந்திரன் வேலை முடிந்து வந்து தன் வீட்டில், தன் தொலைக்காட்சிக்கு முன்னால், குசினி முக்காலியைப் போட்டுக்கொண்டு இருந்தார். மனிதர் தன் சோபாவில் காலை நீட்ட ஏங்கிப்போய்க் கிடந்தார். சிவமணி கெட்டவனாக இருந்தால் சண்டை பிடித்து அனுப்பியிருக்கலாம். அவன் எதற்கும் "ஓம் அத்தான்" என்று சொல்லிவிட்டு அப்படியே இருந்தான்.

"என்ரை தம்பியை வீட்டாலை கலைக்கப் பாக்கிறியள், என்ன?" என்று யசோதினி கேட்டாள்.

"சீச்சீ. அவன்ரை எதிர்காலம் யசோ! மலைக் காத்து, நல்ல சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளேரெண்டு பனி. சொர்க்கமெல்லே!"

"அங்கை எவ்வளவு குளிர் அத்தான்?" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

"குளிரோ? இஞ்சையை விடச் சொட்டுக் கூட."

"ஓம் அத்தான்," என்றான் சிவமணி.

ஆக, திருத்த வேண்டியவர் இராஜேந்திரன், பெயர் மட்டும் சிவமணிக்கு. இளம் வயதில் கோண்டாவிலில் ஒரு கராஜில் ஆறு மாதம் ஸ்பானர் சாவி எடுத்துக் கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. மிச்சத்தைக் கைபேசி வீடியோவில், பனிக்குப் பேர்போன கெபெக்கிலிருந்து ஒருவர் சொல்லித் தந்தார். அவர் பேசிய பிரெஞ்சு பரிஸில் எவருக்கும் விளங்காத பிரெஞ்சு. ஆனால் கையைப் பார்த்தால் போதும்.

நெற்றியில் விழுந்தது ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு. ரொத்துல் என்பார்கள். தேய்ந்து பல் போயிருந்தது. இராஜேந்திரன் புதிதாக இரண்டு வாங்கி வந்து பூட்டினார். அந்தக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நுனியில் மரை வலமாகச் சுற்றும், மறு நுனியில் இடமாகச் சுற்றும். கெபெக்காரர் இதைச் சொன்ன இடத்தில் இராஜேந்திரன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். இரண்டையும் ஒரே பக்கமாக, கொத்து அடிக்கிற கையின் முழுப் பலத்தோடு இறுக்கினார். மரை அழிந்தது. கம்பியும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கள், உணவகம் பூட்டுகிற நாள், புதுக் கம்பியைப் பூட்டினார். இப்போது இரண்டு ஸ்கீயும் திரும்பின. ஆனால் முன்னால் வெட்கப்படுகிற பெண்ணின் கால் விரல்கள்போல ஒன்றையொன்று பார்த்து நின்றன. யசோதினி பூக்கட்டுகிற நூலை இராஜேந்திரன் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் பிடித்து அளந்து, கம்பியைத் திருகி நேராக்கினார். நேராக்கியபிறகு பார்த்தால், ஸ்கீ இரண்டும் நேர். கைப்பிடி மட்டும் கோணல்.

"நீ இதைப் பிடிச்சுக்கொண்டு நில். முதலாளிக்குப் படம் அனுப்ப வேணும்," என்று சிவமணியின் கன்னத்தில் கிறீஸ் பூசினார். சிவமணி சாவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழகாகச் சிரித்தான். 'கெட்டிக்காரன்' என்று முதலாளியிடமிருந்து பதில் வந்தது.

கோணலின் வேர் எங்கே என்று பார்க்க முன்பக்கத்தைக் கழற்றினார். ஸ்கீயைத் தாங்கும் இரும்புக் கைகளுக்குள் இருந்த நைலோன் வளையங்கள் தேய்ந்து ஆடின. புது வளையங்கள் உள்ளே போக மறுத்தன. குளிரவைத்தால் சுருங்கும், சுலபமாகப் போகும் என்று கெபெக்காரர் காட்டினார். இராஜேந்திரன் அவற்றை ஒரு பைக்குள் போட்டு வீட்டுப் பிரீசரில் வைத்தார். வெள்ளை வெள்ளையாக, வட்டம் வட்டமாக இருந்தன.

மத்தியானம் எல்லோரும் கணவாய்க் குழம்போடு சாப்பிட இருந்தார்கள். சிவமணி நீண்ட நேரம் மென்றான். அவன் குறை சொல்லுகிறவன் இல்லை.

"அக்கா," என்றான் கடைசியில், "கணவாய் சொட்டு வேகேல்லைப் போலை."

யசோதினி சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினாள். பிறகு இராஜேந்திரனைப் பார்த்தாள். இராஜேந்திரன் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். வளையங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குழம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே போனார். அவித்ததில் அவை பருத்துப்போயிருந்தன. சுத்தியலால் அடித்து ஏற்றினார். அதன்பிறகு வண்டியை அசைத்தால் மிளகாய்த்தூள் வாசம் வந்தது.

ஒருவழியாக எல்லாம் பூட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்கப் பனி வேண்டும். பனிக்கு எங்கே போவது? இராஜேந்திரனுக்கு மூளை வேலை செய்தது. ஃபொபூர் சேன்-தெனி மீன்கடையில் காலையில் பழைய ஐஸைக் கொட்டிவிட்டுப் புதிது போடுவார்கள். அந்தப் பழைய ஐஸைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து முற்றம் முழுக்கப் பரப்பினார். ஐஸோடு சில சாளை மீன்களும் வந்து சேர்ந்தன. அக்கம்பக்கத்துப் பூனைகள் மதிலில் வரிசையாக வந்து குந்தின.

"ஐயோ, இதென்ன நாத்தம்!" என்று மேலே ஜன்னல் திறந்தது.

"ரெண்டு நிமிசம் அக்கா!"

இராஜேந்திரன் ஏறி இயக்கினார். வண்டி ஐஸில் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. இடப்பக்கச் சுவர் கிட்ட வந்ததும் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினார். வண்டி இன்னும் இடப்பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் வலமாகத் திருப்பினார். வண்டி அற்புதமலர் அக்கா நாலு குளிர்காலம் துணி போர்த்திக் காப்பாற்றி வளர்த்த கறிவேப்பிலைச் சாடியின் மேல் ஏறி நின்றது.

இராஜேந்திரன், ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் சிறு இரும்புக் கையை முன்பின்னாக மாற்றிப் பூட்டியிருக்கிறார். வலம் என்றால் இடம், இடம் என்றால் வலம். அற்புதமலர் அக்கா அன்றைக்குச் சொன்னதை எழுதினால் அச்சில் வராது. சிவமணி தானாகவே மேலே போய் மன்னிப்புக் கேட்டான். பிறகும் அடிக்கடி போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்து வந்தான். இவனாலும் ஒரு பிரயோசனம் இருக்கிறதே என்று இராஜேந்திரன் நினைத்துக்கொண்டார். பிறகு அந்த இரும்புக் கையைக் கழற்றி, திருப்பிப் பூட்டினார். கைப்பிடியும் கூடவே நேராகிவிட்டது. அவருக்கே நம்பமுடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை வல்லிபுரம் முதலாளி வந்தார். யசோதினி இரண்டு ஸ்கீக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டினாள். தம்பி போகப் போகிறானே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முதலாளி ஏறி இருந்தார். தேசிக்காய் நசிந்தது. வண்டி மீன்கடை ஐஸில் நேரே போய், குப்பைத்தொட்டிக்கு முன்னால் அழகாக வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"சோக்கான வேலை!" என்று முதலாளி இறங்கி, சிவமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சனிக்கிழமை காலமை வெளிக்கிடும் தம்பி."

இராஜேந்திரன் மனதுக்குள் சோபாவில் படுத்தாயிற்று. காலையும் நீட்டியாயிற்று.

"ஒரு நிமிசம் அண்ணை," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அற்புதமலர் அக்கா குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்திருந்தார். "ஒருத்தன்ரை உழைப்பை இன்னொருத்தன் கொண்டுபோறதைப் பாத்துக்கொண்டு என்னாலை இருக்கேலாது. இந்தப் பொடியன் ஒரு ஆணியைத் தொடேல்லை. எல்லாம் இராஜேந்திரன்தான். நான் ஜன்னலாலை முழுக்கப் பாத்தனான்."

"இல்லை அக்கா! நான் சும்மா, பக்கத்திலை நிண்டு..." என்றார் இராஜேந்திரன்.

"நீர் பேசாமல் இரும் தம்பி. உம்மடை நல்ல மனசு எனக்குத் தெரியும்."

முதலாளி சிவமணி பக்கம் திரும்பினார். "தம்பி, ரொத்துலைக் காட்டும் பாப்பம்."

சிவமணி மிகுந்த மரியாதையோடு முன்விளக்கைக் காட்டினான்.

வல்லிபுரம் சிரித்துவிட்டார். இராஜேந்திரனின் தோளில் கை போட்டார். "கள்ளன்! இந்தக் கையை வைச்சுக்கொண்டே இவ்வளவு நாளும் என்ரை குசினியிலை ஒளிச்சிருந்தனீர்? மேலை கொத்தும் அடிப்பீர், வண்டியும் பாப்பீர். சனிக்கிழமை நீர் வெளிக்கிடும். சித்திரை வரைக்கும் அங்கை நில்லும்."

"அண்ணை, எனக்குக் குளிர்..."

"பழகீடும். இஞ்சை உம்மடை இடத்திலை மச்சான் நிக்கட்டும். கொத்து அடிக்க வருமோ தம்பி?"

"வரும் முதலாளி," என்றான் சிவமணி. இவ்வளவு விரைவாக அவன் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

யசோதினி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, தம்பிக்குச் சாப்பாடு போட மேலே கூட்டிக்கொண்டு போனாள். முதலாளி வாகனத்தை எடுக்க வெளியே போனார். இராஜேந்திரன் நசிந்த தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்றார் ஈனக்குரலில், "சரியா இண்டைக்கு, சரியா இந்த நேரம், உங்களை ஆர் கீழை வரச்சொன்னது?"

"வேறை ஆர், சிவமணிதான்!" என்று அற்புதமலர் அக்கா அவருடைய முதுகைத் தடவிவிட்டார். "'அத்தானுக்கு மலைக்குப் போகச் சரியான ஆசை அக்கா, எனக்காண்டி விட்டுக்குடுக்கிறார்' எண்டு ஒரு கிழமையா என்ரை வீட்டிலை வந்திருந்து அழுறான், பாவம்."