கப்பல்காரர் கண்ணாடி இறக்கிய நாள்

உலகத்தில் தன் காரைப் பற்றி உண்மை பேசிய சொந்தக்காரர் யாரும் கிடையாது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருக் கப்பல்காரர் இதற்கு விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விதியே அவரைப் பார்த்து எழுதப்பட்டதுதான்.

கப்பல்காரர் என்பது தெரு வைத்த பெயர். கடலுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், எப்போதாவது உஜோங் பாசிர் பக்கம் மீன் வாங்கப் போவதுதான். தொழில், மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், நெருங்கிய நாட்களில், சீமைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து கப்பல்போல் ஒரு பெரிய கறுப்புக் காரை வாங்கினார். அதன் மூக்கு அவர் வாசலில் நின்றால், வால் எங்கள் வாசலில் நிற்கும். நான் கல்யாணமாகி வந்த புதிது. கோலம் போட இடமில்லை என்று சொல்லலாமா, சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் கோலத்தைச் சின்னதாக்கிக்கொண்டேன்.

அந்தக் காரைப் பற்றி அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கப் போக வேண்டியதில்லை. அதுவே வீடு தேடி வரும். பெட்ரோல் அதிகம் குடிக்கிறதாமே என்று ஒருநாள் என் கணவர் கேட்டுவிட்டார். அவர் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், சைக்கிள்காரர். இந்த விஷயத்தில் வாயைத் திறந்திருக்கவே கூடாது.

"வாத்தியாரே, பெரிய உடம்பு கொஞ்சம் கூடத்தான் சாப்பிடும். உங்க சைக்கிள் ஒண்ணும் சாப்பிடாது. அதான் அப்படி இருக்கு."

மலாக்கா டவுனில் ஒரு சந்தில் திரும்ப முடியாமல் கார் மாட்டிக்கொண்டு, கடைக்காரர்கள் எல்லாரும் வந்து தள்ளினார்கள். காரில் குறையில்லை, அந்தக் காலத்தில் ரோடு போட்ட டச்சுக்காரர்களுக்குத்தான் முன்யோசனை இல்லை என்று தீர்ப்பாயிற்று. மெர்டேக்கா ஊர்வலத்தில் கொடி கட்டிக்கொண்டு போனபோது முன்பக்கம் ஆவி கிளம்பிக் கார் நடுத்தெருவில் நின்றுவிட்டது. ஊர்வலம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. மொத்த ஜனமும் தன் காரை வலம் வந்ததாக அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அதன் வாசனை. துரை சுருட்டுப் பிடிப்பவராம். தோல் சீட்டில் அந்தச் சுருட்டு வாசனை ஊறியிருந்தது. அதுதான் காரின் உயிர், கண்ணாடியை இறக்கினால் ஓடிப்போய்விடும் என்பது கப்பல்காரரின் முடிவு. எனவே மலாக்கா வெயிலில் எல்லாக் கண்ணாடிகளையும் இறுக ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். மிளகாய் நெடி சீட்டில் ஒட்டக்கூடாது என்று, மில்லிலிருந்து வந்து குளித்த பிறகுதான் காரைத் தொடுவார். அதில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனவர்கள், ஆற்றில் விழுந்து எழுந்தவர்களைப்போல் மண்டபத்தில் இறங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. புதுக் காருக்கு எல்லாரும் ஒருமுறை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இவர் ஒவ்வொரு முறையும் வைப்பார். நாலு பழம் நசுங்காமல் அந்தக் கார் வாசலைத் தாண்டியதே இல்லை.

இப்படிப்பட்ட காரில்தான் நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது.

மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. காலையில் லேசாகச் சுட்ட உடம்பு, நடுப்பகலில் அனலாகிவிட்டது. போர்த்திவை என்று மாமியார் சொல்லியிருந்தார். போர்த்தாதே, காற்றுப் பட விடு என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தார். நான் போர்த்தினேன், எடுத்தேன், மறுபடியும் போர்த்தினேன். பிள்ளையின் கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. இழுப்பு நின்ற பிறகும் அழவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. கணவர் சைக்கிளில் பக்கத்து ஊரான குருபோங்குக்குப் போயிருந்தார். தெருமுனையில் வருஷம் முழுக்கத் தன் சைக்கிள் ரிக்ஷாவில் தூங்கும் திரிஷாக்காரர் அன்றைக்குப் பார்த்து உழைக்கப் போயிருந்தார்.

கப்பல்காரர் வாசலுக்கு ஓடினேன். பிள்ளையைப் பார்த்தார். சாவியை எடுத்தார். பிறகு நின்றுவிட்டார்.

"எலுமிச்சம்பழம் இல்லியே தங்கச்சி."

"அண்ணே, இன்னிக்கு ஒருநாள்..."

"மத்த நாளுன்னா பரவால்ல. பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு பழம் வைக்காம எடுக்க வேணாம்."

அவரைத் திட்டுவதா, அவர் சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்று பயப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் எதிர்வீட்டுச் சிட்டிக் குடும்பத்து அம்மா வேலிக்கு வந்துவிட்டார். சிட்டிகள் பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசிப் பழகிய தமிழர்கள், அவருக்குத் தமிழ் வராது. ஆனால் அந்தக் காரையும் பழங்களையும் தினமும் பார்ப்பவருக்குத் தமிழ் எதற்கு? தன் வீட்டுச் செடியிலிருந்து ஒரு பிடி கஸ்தூரி எலுமிச்சையைப் பறித்து மலாயில் ஏதோ அதட்டியபடி நீட்டினார். கோலிக்குண்டு அளவுக் காய்கள். கப்பல்காரர் தன் டயரையும் பார்த்தார், காய்களையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அவமானத்தை மறக்க முடியாது. ஆனாலும் குனிந்து வைத்தார். ஒன்று உருண்டு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் வைத்தார். நசுங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

கார் கிளம்பியது. உள்ளே அடுப்பு. சுருட்டு வாசனை தொண்டையை அடைத்தது. மடியில் பிள்ளை இன்னும் சூடானான். காற்றுப் பட விடு, காற்றுப் பட விடு என்று நர்ஸ் காதில் சொல்லிக்கொண்டேயிருந்தார். உதவி செய்ய வந்தவரிடம் இதைக் கேட்கலாமா? கோபித்துக்கொண்டு இறக்கிவிட்டால்? கோலத்தைச் சின்னதாக்கிக்கொண்டவள் நான். பிள்ளையின் உதடு வெளுத்ததைப் பார்த்தேன்.

"அண்ணே, கண்ணாடியை இறக்குங்க."

கார் கொஞ்ச தூரம் போனது. பிறகு ஓரமாக நின்றது. இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, துருப்பிடித்த கைப்பிடிகளோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு கண்ணாடியாக அடிவரை இறக்கினார். கடைசிக் கண்ணாடி பாதியில் சிக்கியது. அதை ஓங்கி ஓர் அடி அடித்தார். அந்தக் காரை அவர் அடித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

காற்று உள்ளே புகுந்தது. பெரிய ஆஸ்பத்திரி வரை அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வாசலில் நிறுத்தும்போது பிள்ளை வீறிட்டு அழுதான். அதைவிட இனிமையான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. கணவர் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். கப்பல்காரர் வெளியே காவலாளியிடம் தன் காரின் கண்ணாடி எவ்வளவு சுலபமாக இறங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டு, சங்கடத்தோடு, வாசனை எல்லாம் போயிருக்குமே முதலாளி என்றார்.

கப்பல்காரர் காருக்குள் தலையை விட்டு ஒருமுறை மோந்து பார்த்தார்.

"துரையே போயாச்சு. அவரு வாசனை மட்டும் எதுக்குலா இங்க?"

அன்றிலிருந்து அந்தக் கார் கண்ணாடி இறக்கியேதான் ஓடுகிறது. தெருத் தூசி முழுவதும் உள்ளே. மிளகாய் நெடியும் குடியேறிவிட்டது. காற்றோட்டத்தில் இதை மிஞ்சக் கார் இல்லை என்பது அவருடைய இப்போதைய அபிப்பிராயம். வால் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது, கோலமும் சின்னதுதான். பக்கத்தில் ஒரு கஸ்தூரி எலுமிச்சைச் செடி வைத்திருக்கிறேன். அதில் காய் பறிக்க அவரைத் தவிர வேறு யாரையும் நான் விடுவதில்லை.