முதுகுக்கும் ஒரு கல்

எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டை அகண்டவர்மர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அங்கே எல்லை தாண்டும் ஒவ்வொரு வண்டிக்கும் காப்புச் சான்று வேண்டும். வண்டி குடைசாய்ந்து யாருக்கு அடிபட்டாலும் அரசே ஈடு தரும் என்று எழுதிய ஓலை நறுக்கு அது. வண்டிக்காரர்கள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

ஓலையில் மன்னரின் திருமுகம் இல்லையே என்று ஒரு மந்திரி கண்ணீர் விட்டார். சான்று செப்பேடாயிற்று. முப்பாட்டனார் புகழ் இல்லையே என்று இன்னொருவர் சோறு தண்ணீர் மறந்தார். செப்பேட்டில் இடம் போதாமல் சான்று ஆளுயரக் கல்லாயிற்று.

வண்டிக்காரன் மருதப்பனின் மனைவி செவ்வந்தி, வைக்கோல் போரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கட்டும் வைத்தியர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இன்றைக்குள் கட்டாவிட்டால் கால் கோணலாகவே கூடிவிடும் என்றார்கள். அவளை வண்டியில் படுக்கவைத்து எல்லைச் சாவடிக்கு ஓட்டிவந்தான்.

அங்கே தன் வண்டிக்கான கல்லைப் பார்த்ததும் மலைத்துப்போனான். கோயிலில்கூட அப்படி ஒரு வேலைப்பாட்டை அவன் கண்டதில்லை. மன்னரின் மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அடியில் கடுகளவு எழுத்தில் அவன் பெயரும் இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. செவ்வந்தியைத் தரையில் இறக்கிவிட்டு, எட்டுப் பேர் கல்லைத் தூக்கி ஏற்றினார்கள். வண்டி நிறைந்துவிட்டது.

இவளுக்கு இடமில்லையே என்று மருதப்பன் தயங்கினான். எல்லை அதிகாரி கனிவாகத்தான் சொன்னார்:

"வண்டியில ஏறுறவங்களுக்கு முழுப் பாதுகாப்பு உண்டுப்பா. ஏறாதவங்களுக்கு வண்டியால என்ன ஆபத்து வரப்போகுது?"

மருதப்பன் அவரைக் கும்பிட்டான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மனைவியை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். சாவடியே எழுந்து நின்று பார்த்தது. இப்படி ஒரு வாகனம் இருக்கலாம் என்று அதுவரை அரசாங்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளையாக அதிகாரிக்கு அவசரச் சட்டம் போடும் உரிமை இருந்தது. பத்தடி போவதற்குள் முரசு அடித்து, முதுகும் வாகனமே என்று அறிவித்தார்கள். முதுகுக்கென்று தனிக் கல் செதுக்க, இரண்டு சிற்பிகள் அளவு நூலோடு ஓடிவந்தார்கள்.

மருதப்பனுக்கு மெய்சிலிர்த்தது.

"எப்பேர்ப்பட்ட மனசு பாரு, செவ்வந்தி. மகாராசா நம்ம முதுகைக்கூட மறக்கல."

"என் காலைத்தான் மறந்துட்டாரு" என்றாள் அவள்.

முதுகில் ஏதோ இடிக்கிறது, அளவு சரியாக வரவில்லை என்று சொல்லி, சிற்பிகள் அவளை மறுபடியும் தரையில் இறக்கிவைத்தார்கள்.