எல்லாருக்கும் ஒத்துவரும் முகாம்

ஹெய்டிக்குக் கொசு ஆகாது என்பது வெர்லின் ஓஸ்ட்பிக்குத் தன் அறுபத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. பெற்ற மகள். பிறந்ததும் வளர்ந்ததும் மினசோட்டாவில். அந்த ஊரில் கொசு ஆகாது என்பவர்கள் வெளியே தலைகாட்டுவதே கஷ்டம்.

"நீங்க பிடிச்ச முகாம் நல்லாத்தான்பா இருக்கு," என்றாள் தொலைபேசியில். "ஆத்தை ஒட்டி இருக்கறதால கொசு கொஞ்சம்... பரவால்லப்பா. நீங்க எந்த இடம் போட்டாலும் எனக்குச் சரிதான்."

அந்தப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்வதில்லை. 'பரவாயில்லை' என்றால் வேண்டாம் என்று பொருள். 'பார்க்கலாம்' என்றால் செத்தாலும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி வெர்லினுக்கு மட்டும் எட்டவில்லை. மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம் பனி தள்ளும் வண்டிகளைப் பழுது பார்த்தவர் அவர். சத்தம் வந்தால் எங்கேயோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது, முடுக்கினால் சரியாகிவிடும். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார்.

ஓய்வு பெற்ற கையோடு முப்பத்திரண்டு அடி நீளத்துக்கு ஒரு கேரவன் வாங்கியிருந்தார். ரூட் நதிப் பள்ளத்தாக்கில், கேரவன்களை நிறுத்தித் தங்கும் ஒரு முகாமில், தன் கேரவனும் மூன்று பிள்ளைகளின் வண்டிகளும் வரிசையாக ஐந்து நாள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து கடைசியா சாப்பிட்டது எங்கம்மா சாவுக்கு," என்றார் மனைவி ஆர்டிஸிடம். "அதுவும் சர்ச் கீழ்த்தளத்துல, காகிதத் தட்டுல. இப்படியே போனா அடுத்தது என் சாவுக்குத்தான் கூடுவாங்க."

ஆர்டிஸ் தையலிலிருந்து நிமிரவில்லை. "விட்டுத்தான் பாரேன், வெர்லின்."

விடுகிற ஜாதியா அவர்? ஆற்றங்கரை முகாமை ரத்து செய்துவிட்டு, குன்றின்மேல் இருந்த முகாமில் நான்கு இடம் பிடித்தார். கொசுவே கிடையாது என்று முகாம்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மூத்தவன் கிரெய்க் அன்று மாலையே கூப்பிட்டான். "அருமையான இடம்பா. மேட்டுல கொஞ்சம் காத்து அடிக்கும். என் டிரெய்லர் உசரம் பாருங்க, ராத்திரியெல்லாம் ஆடும். பரவால்ல, கயித்தைப் போட்டுக் கட்டிக்கறேன்."

"காத்துதானே? என்கிட்ட விடு!"

அடுத்தது ஓக் மரக் காட்டுக்குள் ஒரு முகாம். இலைகூட அசையாது. ஆனால் கடைக்குட்டி டிரென்ட்டின் வேலை கணினியில். மரங்களுக்கு அடியில் இணையம் வராது.

"அஞ்சு நாள் இன்டர்நெட் இல்லேன்னா என்னடா ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. வேலை போகும். பரவால்ல."

வெர்லின் மகனின் நியாயத்தை ஒப்புக்கொண்டு காட்டையும் ரத்து செய்தார். நாலாவதாக, நீச்சல் குளமும் கோபுரம்போல ஆண்டெனாவும் உள்ள முகாம். அங்கே நாய்களுக்கு அனுமதியில்லை. கிரெய்க்கிடம் இரண்டு நாய்கள் இருந்தன. அதுவரை இரண்டும் வேலி தாண்டிப் போனதில்லை. இப்போது அவை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராதாம்.

மார்ச் மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தாக்கின் முகாம்காரர்கள் எல்லாருக்கும் வெர்லினின் குரல் அத்துப்படி. ஒருவர் போனை எடுத்து, "இடம் போடறதுக்கா சார், ரத்து பண்றதுக்கா?" என்றே கேட்டார்.

"ஒருத்தர் சொன்ன குறையை இன்னொருத்தர் சொல்லவே இல்லியே, கவனிச்சியா?" என்றாள் ஆர்டிஸ்.

"அதான் சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குறை. எல்லாத்தையும் சேர்த்துத் தீர்க்கணும்."

ஆர்டிஸ் காபி போட எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரலில் வெர்லின் தீர்த்தே விட்டார். நெடுஞ்சாலை ஓரம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், பச்சை என்று ஒன்றுமே இல்லாத ஒரு சரளைக்கல் பொட்டல். நதி அங்கிருந்து எட்டு மைல் தள்ளி ஓடியது. அதனால் கொசு இல்லை. பங்கின் சுவர் மறைத்ததால் காற்று இல்லை. மரம் இல்லை. நாய் வரலாம். இணையம் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் ஒவ்வொரு இடத்திலும் உண்டு. ராத்திரி முழுக்க லாரிகள் உறுமும். அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லையே!

வெற்றிக் களிப்பில் ஐந்து பக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தபாலில் அனுப்பினார். காலை ஐந்தரைக்கு விசில். ஐந்தே முக்காலுக்குக் கொடியேற்றம். வண்டியைப் பின்னோக்கி விடும்போது அவர் கையசைப்பைத் தவிர வேறு யார் சொல்வதையும், முக்கியமாக மனைவிமார் சொல்வதை, கேட்கக் கூடாது. கழிவுத் தொட்டி திறக்க வரிசை எண். பேரப்பிள்ளைகள் குளிக்க ஆளுக்கு நான்கு நிமிடம். மூன்றாவது நாள் மாலை 'குடும்ப உரையாடல்', அரை மணி நேரம், தலைமை வெர்லின்.

மூன்று நாள் எந்தச் சத்தமும் இல்லை. நாலாம் நாள் ஒரே காலையில் மூன்று அழைப்புகள்.

ஹெய்டிக்கு மருத்துவமனையில் ஷிப்ட் மாறிவிட்டது. கிரெய்க்குக்கு வைக்கோல் கட்டும் வேலை அந்த வாரம்தான் வருகிறது. டிரென்ட்டுக்கு ஏதோ புராஜெக்ட். பெயர் சொல்ல அவனுக்கே நேரமில்லை.

"அடுத்த வருஷம் நிச்சயமாப் பார்க்கலாம்பா," என்றார்கள் மூவரும்.

வெர்லின் போனை வைத்துவிட்டுக் கேரவனுக்குள் போய் உட்கார்ந்தார். உள்ளே பத்துப் பேர் உட்காரலாம். அவருக்கு வலித்தது. எதை முடுக்குவது என்று தெரியாத வலி. இத்தனைக்கும் யாரும் அவரோடு சண்டை போடவில்லை. எல்லாரும் எத்தனை மரியாதையாகப் பேசினார்கள்!

"நான் ஏதாவது தப்பா நடந்துக்கறேனா, ஆர்டிஸ்?" என்று கேட்டார் அன்று சாப்பிடும்போது. கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் இந்தக் கேள்வி முதல் தடவை.

ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் இன்னும் கொஞ்சம் வெச்சுக்கறியா?" என்றாள்.

ஜூலை இரண்டாம் வாரம், வருடா வருடம் போவதுபோல, அவள் டுலூத்தில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தனியாக ஆற்றைப் பார்க்கலாம் என்று வெர்லின் முடிவு செய்தார். கொசு கடித்தால் கடிக்கட்டும். காற்று அடித்தால் அடிக்கட்டும். தனக்கென்று ஓர் இடம் தேடுவது இத்தனை சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம்.

தெரிந்த முகாம்களைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. மாட்டுத் தீவனக் கடை அறிவிப்புப் பலகையில், கையால் எழுதி ஒட்டிய ஒரு சின்ன முகாமின் எண் கிடைத்தது. கூப்பிட்டார். ஒரு வயதான பெண் எடுத்தாள்.

"டெலோரஸ் பேசறேன். சொல்லுங்க."

"ஜூலை ரெண்டாம் வாரம், அஞ்சு நாள். ஆத்தோரமா ஒரு இடம். நான் ஒருத்தன்தான்."

"தாராளமா வாங்க. ஒத்தை ஆள்னா எங்கேயாவது சொருகிடலாம். பேரு?"

"ஓஸ்ட்பி. வெர்லின் ஓஸ்ட்பி."

மறுமுனையில் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு டெலோரஸின் குரல் சொந்தக்காரரைக் கண்டதுபோல மலர்ந்தது.

"அட, ஓஸ்ட்பியா! ஆர்டிஸும் அவங்க புள்ளைங்க மூணு பேரும் ஒன்பது வருஷமா அதே வாரம் இங்க ஆத்தோரமாத்தானே வந்து தங்கறாங்க, எப்பப் பாத்தாலும் ஒரே சிரிப்பு, அப்படி ஒரு குடும்பத்தை நான் பாத்ததே இல்ல — நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"