பினாயில் சஸ்பெண்ட்

பௌர்ணமிக்கு இன்னும் நான்கே நாள் இருக்கும்போது சக்கரபாணி தன் வீட்டுப் பினாயிலை சஸ்பெண்ட் செய்தார்.

கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், விசாரிக்காமல் யாரையும் தண்டிக்க மாட்டார். பின்கட்டில் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள், பாச்சை உருண்டை எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினார். பூதக்கண்ணாடி வைத்து லேபிள்களைப் படித்தார். உடம்புக்கு என்ன கெடுதல், ஊருக்கு என்ன கெடுதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டார். பாட்டில்கள் வாய் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, அத்தனையையும் பரணில் ஏற்றினார்.

எல்லாம் முந்தின நாள் மாலை பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் வந்து போனதன் விளைவு. அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். லேசில் யார் வீட்டுப் படியும் ஏறாதவர், அன்று தானாகவே வந்து உட்கார்ந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் விஷவாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்க்கும் என்றார். சோப்புத் தண்ணீர் ஏரிக்குப் போனால் பாசி படர்ந்து மீன்கள் மூச்சு முட்டிச் சாகும் என்றார். அளவாக, தனித்தனியாக, ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தினால் பயமில்லை என்றும் கடைசியில் சொன்னார். அதற்குள் சக்கரபாணியின் காது அடைத்துவிட்டது. மீன்களோடு அவருக்கு அதுவரை குழம்பு வரையில்தான் பழக்கம். இப்போது பாசமே வந்துவிட்டது.

"பௌர்ணமி வருதுங்களே" என்றாள் மனைவி ரேணுகாம்பாள். "உங்க அக்கா வூட்டு ஆளுங்க வந்துடுவாங்க. கக்கூஸை எத வச்சு கழுவறது?"

"விஷம் இல்லாதத வச்சு."

"சரிங்க."

இவ்வளவு சுலபத்தில் அவள் சரி சொன்னது சக்கரபாணிக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. இன்னும் இரண்டு வாதங்களைத் தயாராக வைத்திருந்தார்.

பௌர்ணமி என்றால் அவருக்குத் திருவிழா. கிரிவலம் வருகிற சொந்தக்காரர் அத்தனை பேரும் வேங்கிக்காலில் இருக்கும் அவர் வீட்டில்தான் பையை வைப்பார்கள், குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், கூடத்தில் வரிசையாகப் படுப்பார்கள். ரேணுகாம்பாள் அந்த இரண்டு நாளும் கூடத்துப் பக்கமே வரமாட்டாள். அடுப்படி, துவைக்கிற கல், கக்கூஸ் என்று சுற்றிக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்ததும் அக்கா புருஷன் பரசுராமன், "வேங்கிக்கால் வூடுன்னா வேங்கிக்கால் வூடுதான்யா. பாத்ரூம் கண்ணாடி மாதிரி இருக்குது" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக சக்கரபாணி மாதம் முழுக்கக் காத்திருப்பார். சொந்தத்தில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தப் பாத்ரூமில்தான் இருந்தது.

அதனால் விஷமில்லாத வேலையில் அவரே இறங்கினார். கக்கூஸைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார். சாம்பல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, தண்ணீர் இறங்க மறுத்தது, நாற்றம் எழுந்தது. நாற்றத்துக்குக் கோமியம் தெளித்தார். இப்போது இரண்டு நாற்றம். அதை அடக்க, எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை வீடு முழுக்க ஊற்றினார். யாரோ ஆபீஸில் சொன்ன வைத்தியம். வாசனை என்னவோ வந்தது, கூடவே வேங்கிக்கால் எறும்புகள் அத்தனையும் வந்தன. எறும்புக்கு மஞ்சள்தூள் தூவினார். பிசுபிசுப்புப் போகச் சீயக்காய் கரைத்துத் தரையைத் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சீயக்கா கரைக்கட்டுங்களா?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

"கரை, கரை."

அவள் தாராளமாகவே கரைத்தாள். மனைவியின் ஒத்துழைப்பில் அவர் நெகிழ்ந்துபோனார்.

பௌர்ணமியன்று மத்தியானம் போளூரிலிருந்து பரசுராமன், அக்கா மணியம்மாள், பிள்ளைகுட்டிகள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். பரசுராமன் வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாய்யா சக்கரபாணி, வூட்ல மாடு கட்றியா?"

"இல்ல மாமா. இது ரசாயனம் இல்லாத வீடு. உடம்புக்கு நல்லது."

"யார் உடம்புக்கு?" என்று கேட்டபடி அவர் உள்ளே காலை வைத்தார். சீயக்காய் அவரை வரவேற்றது. கூடத்திலிருந்து பாத்ரூம் வாசல்வரை ஒரே சறுக்காகப் போய், மஞ்சளில் உட்கார்ந்தார். எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்க மஞ்சள்.

"நலங்கு வச்சா மாதிரி இருக்குது" என்று சிரித்தபடி மணியம்மாள் பாத்ரூமுக்குள் போனாள். திரும்பி வரும்போது சிரிப்பில்லை. "டேய் தம்பி, தண்ணியே இறங்கலடா" என்றாள்.

பரசுராமன் வேட்டியை மாற்றிக்கொண்டு பையைத் தூக்கினார். "மலையச் சுத்திட்டு அப்படியே பஸ் ஏறிடுறோம். அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம திரௌபதி வூட்டுக்கே போயிடலாம். அடி அண்ணாமலையில, பாதையிலயே இருக்குது. சின்ன வூடுதான். ஆனா பினாயில் வாசனை கம்முனு வரும்."

திரௌபதி சக்கரபாணியின் தங்கை. அவள் பெயரைக் கேட்டதும் அவர் ஓடிப்போய்ப் பையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"சாப்ட்டு போங்கண்ணா" என்றாள் ரேணுகாம்பாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

எல்லாரும் போனபிறகு சக்கரபாணி மூங்கில் குச்சியோடு கக்கூஸில் உட்கார்ந்து சாம்பலைக் குத்திக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. மீன்கள் பிழைத்திருக்கும், மரியாதை செத்துவிட்டது. ரேணுகாம்பாள் பரணிலிருந்து பினாயிலை இறக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"விசாரணை முடிஞ்சிடுச்சுங்களா? இத வேலைக்குச் சேத்துக்கலாமா?"

அவர் தலையாட்டினார். "உனக்குத்தான் ரேணு பாவம். ஆசையா சமைக்க இருந்த."

"பரவால்லங்க" என்று அவள் பின்கட்டுக்குப் போனாள். அவள் முணுமுணுத்த பாட்டு அவருக்குக் கேட்டது. அவள் பாடுவாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே, மதில்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜமாணிக்கத்தின் மனைவி சரோஜாவின் குரல் வந்தது.

"ரேணுக்கா, அவங்க எல்லாம் போயிட்டாங்களா? திரும்பி வர மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, இந்த தடவ எங்க வூட்டுக்காரரு கேஸ் சிலிண்டரப் பத்திப் பேசறேன்னு சொல்லியிருக்காரு."