வில்லன் தேவை

சமத்துவம், பன்முகத்தன்மை, எல்லோரையும் அரவணைத்தல் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் தொண்டு நிறுவனங்களைச் சுற்றி ஓர் இனம் வாழ்கிறது. நெகிழவைப்போர் இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள்: தோளில் பருத்தித் துணிப்பை, கைப்பேசியில் ஒலிப்பதிவு, எதைக் கேட்டாலும் மெல்ல ஆடும் தலை. யாருடைய கஷ்டத்தையாவது வாங்கி, கதையாக்கி, நன்கொடையாளர் மூக்கை உறிஞ்சும் பதத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் வேலை. ஆமாம், எங்கள். கூச்ச சுபாவக்காரர்களுக்கு மிகவும் ஏற்றது. நாம் பேசவேண்டாம், எதிரில் இருப்பவர் அழுதால் போதும்.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்போம். பதில் வந்தபிறகும் பேசாமல் காத்திருப்போம். மௌனம் நீண்டால் மனிதர்கள் அழுதுவிடுவார்கள் என்பது பயிற்சிப் பட்டறையில் கற்றது. கதைக்கு ஒரே அச்சுதான்: முதலில் கதவு மூடும், நடுவில் கண்ணீர், கடைசியில் கதவு திறக்கும். முதலிலேயே திறந்துவிட்டால்? எங்களுக்கு அதைவிடப் பெரிய சோதனை உண்டா?

பூந்தமல்லியில் ஜாக்கெட் தைக்கும் ஃபக்ருன்னிசா அக்கா வழியாக எனக்கு அந்தச் சோதனை வந்தது. மகள் சைமா சக்கர நாற்காலியில் இருப்பவள். அம்பத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்ததால், பக்கத்தில் தரைத்தள வீடு தேடினார்கள். முஸ்லிம் குடும்பம், சக்கர நாற்காலி, தனியாக மகளை வளர்க்கும் அம்மா. ஒரே வீட்டில் இவ்வளவா! அலுவலகத்தில் எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள்.

"வீடு தேடி ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாக்கா?"

"அதெல்லாம் இல்லமா. அம்பத்தூர் மேனாம்பேட்ல மொத ஊடே கெடச்சிச்சு."

கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓட, காத்திருந்தேன்.

"இன்னாமா, போன் நின்னுபூட்சா?"

"வீட்டுக்காரர் எதுவுமே சொல்லலையா?"

"ராத்திரில மோட்டார் போடாதீங்கன்னாரு. தூக்கம் கெட்டுடுமாம்."

போதாதா? 'தண்ணீருக்கும் தடை' என்று தலைப்பு வைத்தேன். வாசலில் நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டுத் தருவதாகத் தாமே முன்வந்திருந்த வீட்டுக்காரர் வீரராகவன், என் கதையில் சைமாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அப்புறம் அவளுடைய ஒரு சொட்டுக் கண்ணீரில் உருகினார். பெயர்களை மாற்றினேன், அறம் முக்கியம். கதையோடு போட்ட வாசல் படத்தை மட்டும் மாற்றவில்லை.

கதை வாட்ஸ்அப்பில் ஏறி மேனாம்பேட்டுத் தெருக்காரர்களின் குழுவில் போய் இறங்கியது. மறுநாள் அக்கா அழைத்தார்.

"சாவிய திருப்பிக் குடுன்றாருமா. திங்கக்கெழம சைமாக்கு காலேஜி. இன்னாத்தமா எழுதி வெச்சே?"

என் மௌனத்தின் உதவி இல்லாமலேயே அழுதார்.

ஓடினேன். பாதி போட்ட சாய்தளத்தின் பக்கத்தில் வீரராகவன் உட்கார்ந்திருந்தார்.

"நீதான் அந்தக் கதக்காரியா? நான் இன்னா வில்லனாமா? பால்காரன் கேக்கறான், 'தண்ணிகூட தர மாட்டியாமே நைனா'ன்னு. தெருவே சிரிக்குது!"

"தப்பு என்னோடதுதான் சார். அவங்களைப் போகச் சொல்லாதீங்க."

"அத எங்கைல சொல்லி இன்னா பிரயோசனம்? அந்த குரூப்ல சொல்லு."

அவர் என்னைக் குழுவில் சேர்க்க, நின்ற இடத்திலேயே எழுதினேன்: கேட்டவுடனே இவர் வீடு கொடுத்தார், மறுத்ததாகச் சொன்னது நான் கட்டியது. நான் எழுதியதிலேயே யாரையும் நெகிழவைக்காத வரிகள். அவர் உதடசைத்துப் படித்தார்.

"மோட்டாரு சத்தம் எப்டி கீதுன்னும் போடு."

போட்டேன். குழுவில் வந்ததைத் தம் கைப்பேசியில் பார்த்தார். பிறகு கொத்துக் கரண்டியை எடுத்தார்.

"அந்தம்மாவ சாமானெல்லாம் ஏத்திகினு வரச் சொல்லு."

எனக்குக் கண் கலங்கியது. அடடா, முதலில் கதவு மூடியது, நடுவில் கண்ணீர், இப்போது கதவு திறந்துவிட்டது! கை தானாகப் பைக்குள் கைப்பேசியைத் தேடியது. அக்காவிடம் பேசத்தான் எடுத்தேன், சத்தியமாக. நல்ல செய்தியைக் கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்:

"எம்மா, இதையும் எழுதிகிழுதி வெக்காத."

எழுதமாட்டேன் என்றேன். அப்படியானால் இது என்ன என்கிறீர்களா? பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இருக்கட்டும். முதல் வீடே கிடைத்தது என்றபோது உங்களுக்கு உப்புச்சப்பில்லாமல் இருந்ததா? சாவியைத் திருப்பிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா? எங்கள் பட்டறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. துணிப்பை நாங்களே கொடுப்போம்.