ஜெயித்த அல்வின் ஸ்டப்ஸ் நானல்ல

பிளம் கிரீக், நெப்ராஸ்கா
ஏப்ரல் 1921

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கிளாரன்ஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லுயெல்லாவின் வீட்டுக்காரன் அல்வின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் கலப்பைக் கடையும் நலம். அங்கே டென்வரில் நீங்களும் அக்காவும் உங்கள் மூட்டுவலியும் எப்படி? விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை மேயராகிவிட்டாள். அண்ணன் என்ற உரிமையில் நீங்கள் கண்டிப்பாக நாலு வரி எழுதி அவளை ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டும். என் பேச்சு எடுபடவில்லை.

எல்லாம் சேற்றில் தொடங்கியது. பனி உருகினால் எங்கள் கடைத்தெரு என்ன லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் டீச்சரம்மாவின் பூட்ஸ் ஒன்றை விழுங்கிவிட்டு இன்னும் திருப்பித் தரவில்லை. லுயெல்லா நேராக மேயர் ஹைரம் கட்ஜிடம் போய்ப் பலகை நடைபாதை போடச் சொன்னாள். அந்த ஆள், "சேறெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், மிஸஸ் அல்வின். நீங்க போய் ஆப்பிள் கேக் பண்ணுங்க, இந்த வருஷமும் பரிசு உங்களுக்குத்தான்" என்றிருக்கிறான். வந்ததே கோபம்! மறுநாளே அவள் தேர்தலில் நிற்கப் பெயர் கொடுத்துவிட்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டாள். நான் பீன்ஸ் வேகவைத்தேன், கருகியது. பன்றி இறைச்சி வறுத்தேன், அதுவும் கருகியது. பக்கத்து வீட்டு நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, மச்சான்.

ஓட்டுச்சீட்டை அச்சடித்தவர் ஊர்ப் பத்திரிகைக்காரர். கல்யாணமான பெண்களைப் புருஷன் பெயரால் எழுதும் பத்திரிகை வழக்கப்படி அவர் 'மிஸஸ் அல்வின் ஸ்டப்ஸ்' என்று அச்சுக் கோத்திருக்கிறார். கட்டத்துக்குள் அடங்கவில்லையாம், 'மிஸஸ்'ஸை வெட்டிவிட்டார். ஊருக்கே தெரியும் யாருக்கு ஓட்டு என்று. ஜெயித்துவிட்டாள். உடனே ஹைரம், "சீட்டுல இருக்கிறது அல்வின், ஜெயிச்சதும் அல்வின். சட்டம் சட்டம்தான்" என்று ஆரம்பித்தான். முடிவெட்டும் கடையில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "டேய் அல்வின், வீட்டுலதான் உன் பேச்சு எடுபடல, நகர மன்றத்துலயாவது எடுபடட்டுமே! போய் உக்காருடா!" பொய் சொல்ல மாட்டேன், மச்சான், மேயருக்குத் தோல் வைத்த சுழல் நாற்காலி, எனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது. லுயெல்லாவோ பதவியேற்புக்குப் போட வேண்டிய தொப்பியை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதவியேற்பு அன்று மன்றம் நிரம்பி வழிந்தது. குமாஸ்தா, "அல்வின் ஸ்டப்ஸ், எழுந்து வாங்க!" என்றார். எழுந்தது லுயெல்லா. "நீ இல்லம்மா" என்றான் ஹைரம். "நான்தான்! ஊர்ப் பத்திரிகையில, சர்ச் புத்தகத்துல, முதல் பரிசுன்னு கேக்குக்கு நீங்க குடுத்த நீல ரிப்பன்ல, எல்லாத்துலயும் என் பேர் அல்வின் ஸ்டப்ஸ்தானே? கேக் பண்ணினா நான் அல்வின், மேயர்னா மட்டும் அவர் அல்வினா?" பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஹைரம் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினான். "டேய், உன் வாயாலயே சொல்லு. நீ யாரு?" நான் எழுந்தேன். "நான் இவங்க வீட்டுக்காரன். என் பேரு என்னன்னு இவங்களத்தான் கேக்கணும்" என்றேன். பெண்கள் உற்சாகத்தில் தரையை மிதித்த மிதியில் ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "சொந்தப் பேரு என்னம்மா?" என்று கேட்டார். "லுயெல்லா." இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருந்தும் அந்தப் பெயரை அன்றுதான் பாதிப் பேர் முதல்முறையாகக் கேட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, மச்சான்.

ஆனால் பெருமையா சோறு போடும்? மேயரம்மாவின் முதல் உத்தரவு, நடைபாதை போட இடைஞ்சலாகத் தெருவில் நிற்கும் சாமான்களைக் கடைக்காரர்கள் உடனே அகற்ற வேண்டும் என்பது. முதல் ஓலை யாருக்கு? எனக்கு! என் கலப்பைகள்தானே கடை வாசலில் தெருவரைக்கும் வரிசையாக நிற்கின்றன. ராத்திரிச் சாப்பாட்டில் நியாயம் கேட்டேன். "ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல வந்து பேசுங்க, மிஸ்டர் ஸ்டப்ஸ்" என்கிறாள். ஆகவே நீங்கள் கண்டித்து எழுதியே ஆக வேண்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் எல்லா சுகமும் தரட்டும், உங்கள் முழங்காலுக்கும் கொஞ்சம் இரங்கட்டும்.

இப்படிக்கு,
கலப்பைகளை எங்கே வைப்பதென்று தெரியாத
அல்வின்

பி.கு.: கண்டிப்பெல்லாம் வேண்டாம். கலப்பைகளை உள்ளே தள்ளிவிட்டேன். கடைப் பலகையில் 'மேயர் லுயெல்லாவின் வீட்டுக்காரர் கடை' என்று மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, பதில் போடும்போது உறையில் தயவுசெய்து 'அல்வின் ஸ்டப்ஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயருக்கு வருவதையெல்லாம் தபால்காரர் நேராக மேயரிடம் கொடுத்துவிடுகிறார்.